முப்பதுக்குக் கீழே இறக்காதே

1

நான் ஜெர்மனிக்கு வந்து இருபது வருடம் ஆகிவிட்டதை முதலில் கவனித்தது எங்கள் கம்பெனியின் கணினி. அது அலுவலகத்துக்குத் தகவல் கொடுக்க, அவர்கள் ஒரு கேக்கும் ஒரு பூந்தொட்டியும் வாங்கி வைத்து, மதியம் இரண்டேகாலுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேலாளர் பேசினார். "ஹெர் முனுசாமி இல்லாவிட்டால் நம்முடைய லேசர்கள் எப்போதோ வெந்துபோயிருக்கும்" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். முனுசாமி என் அப்பா.

என் பெயர் கலியபெருமாள். கடலூர்ப் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு கலியபெருமாள் உண்டு என்பதால் அங்கே அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பாஸ்போர்ட் எடுத்தபோது குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்றார்கள். அப்பா பெயரைப் போட்டேன். இந்த ஊரில் மரியாதையாகக் கூப்பிடுவது என்றால் முன்னால் திரு என்பதற்கு ஒரு 'ஹெர்' போட்டுக் குடும்பப் பெயரால்தான். ஆக, பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்துக் குப்பத்தில் கட்டுமரம் தள்ளிக்கொண்டு, கைநாட்டு வைத்தே காலத்தை ஓட்டி, நான் எட்டாவது படிக்கும்போது போய்ச் சேர்ந்த ஒரு மனிதரை இருபது வருடமாக ஐரோப்பாவில் மீட்டிங்குக்குக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். மின்கட்டணம் அவர் பெயருக்கு வருகிறது. பல் டாக்டர் அவரைத்தான் வாயைத் திறக்கச் சொல்கிறார். என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

என் வேலையையும் சொல்லிவிடுகிறேன். லேசர் டயோடு என்பது ஒரு குறுணை அரிசி அளவுக்கான சில்லு. அதற்குள் மின்சாரத்தைச் செலுத்தினால் ஏறக்குறையப் பாதி ஒளியாக வெளியே வரும். மீதிப் பாதி சூடு. ஒளியாக வரும் பாதிக்குப் பெரிய மனிதர்கள் இருக்கிறார்கள். மாநாடு, மேடை, புகைப்படம் எல்லாம் அவர்களுக்கு. அந்த மீதிப் பாதி என் பொறுப்பு. சூடு ஏறினால் ஒளி குறையும். ஒளி குறைந்தால் அந்த மிச்ச மின்சாரமும் சூடாகும். அதனால் இன்னும் ஒளி குறையும். நடுவில் யாராவது புகுந்து சூட்டைப் பிரித்து எடுத்துக்கொண்டு போகாவிட்டால் இரண்டும் சேர்ந்து வீணாகும். சில்லின் அடியில் செம்பு வைப்போம், செம்புக்குள் முடி மாதிரி நுண்ணிய வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஓட்டுவோம். இதை இருபது வருடம் செய்ததற்குத்தான் பூந்தொட்டி.

சில்லையும் செம்பையும் உருக்கிப் பற்றவைத்துத்தான் சேர்ப்போம். சூட்டில் இரண்டும் விரியும், ஆனால் ஒரே அளவில் விரியாது. பல வருடம் ஏறி இறங்கிய பின் ஒருநாள் சத்தமே இல்லாமல் விட்டுக்கொள்ளும். என் மனைவி சிதம்பரத்துப் பெண். இப்போது தெற்கே வேறு நகரத்தில் இருக்கிறாள், நல்ல வேலை, நன்றாக இருக்கிறாள். இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. குற்றம் செம்பின் மேலும் இல்லை, சில்லின் மேலும் இல்லை. எங்கள் ஒரே மகள் யாழினி கல்லூரிக்காக இன்னொரு நகரத்தில். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு என்னைக் கூப்பிடுவாள். பதினொன்றேகாலுக்கு அவளுக்கு வேறு வேலை இருக்கும்.

கேக்கில் ஒரு துண்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு எடுத்துப் போய்ச் சமையலறையில் நின்றபடியே தின்றேன். அந்த நேரத்தில்தான் ரஃபீக் கூப்பிட்டான்.

2

ரஃபீக் பரங்கிப்பேட்டைக்காரன். பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சு. நான் சிதம்பரத்துக்குப் படிக்கப் போனேன், அவன் கடலூர் ஐ.டி.ஐ.யில் வெல்டிங் படித்துவிட்டுச் சவூதியில் தமாமுக்குப் போனான். இருபத்திரண்டு வருடம் அங்கே. போன வருடம் ஒரேயடியாகத் திரும்பிவிட்டான்.

பரங்கிப்பேட்டையில் ஒருவன் திரும்பி வந்தான் என்றால் அதற்கு இரண்டு மாத லீவு என்றுதான் பொருள். டீக்கடையில் கிளாஸை நீட்டும்போதே "எப்ப ஃப்ளைட்டு?" என்பார்கள். சுகமா என்று கேட்பதற்குப் பதில் அது. ரஃபீக் ஒவ்வொருவரிடமும் "இனிமே ஃப்ளைட்டு இல்ல" என்று சொல்லிப் பார்த்தான். யாரும் நம்பவில்லை. அவன் மனைவி நஸ்ரீன் மட்டும் நம்பினாள். சேர்த்த காசு மொத்தத்தையும் போட்டு ஒரு லேசர் வெல்டிங் மெஷின் வாங்கினான். கையில் பிடித்துப் பற்றவைக்கிற துப்பாக்கி, பக்கத்தில் ஒரு பெட்டி, பெட்டிக்குள் டயோடு, அதைக் குளிர வைக்கத் தண்ணீர் ஓட்டும் சில்லர். எவர்சில்வர் தகட்டில் வேலை. காடாம்புலியூரில் ஒரு முந்திரிக் கம்பெனிக்காரர், பருப்பு உலர்த்தும் தட்டு இருநூறு கேட்டிருந்தார். முதல் பெரிய ஆர்டர். தமாமில் பழைய முதலாளி அவன் இடத்தில் இன்னும் ஆள் போடவில்லை. மெஷின் ஓடினால் ரஃபீக் வீட்டில் இருப்பான், ஓடாவிட்டால் ஃப்ளைட் ஏறுவான். விஷயம் அவ்வளவுதான்.

"நீயும் வந்துடு கலியா" என்று போன முறை பேசும்போது சொல்லியிருந்தான். "போர்டுல ரெண்டு பேரு பேரையும் போட்டுக்கலாம். நீ சூட்ட பாத்துக்க, நான் வேலைய பாத்துக்கறேன்."

சிரித்துவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து என் குளிர்பதனப் பெட்டியின் கதவில் காந்தத்தின் அடியில் இருந்த ஒரு கடிதத்துக்கு நான் பதில் எழுதவில்லை. இந்த நாட்டுக் குடியுரிமைக்கு மனு போட்டிருந்தேன், வந்து பெற்றுக்கொள்ளத் தேதி குறித்துக்கொள் என்று எழுதியிருந்தார்கள். அதை வாங்கினால் இந்தியப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பால் எடுக்கத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடிதம் ஆடும்.

கேக் தின்ற அன்று ரஃபீக் கேட்டது சின்ன சந்தேகம்.

"மெஷின் சூப்பரா ஓடுது கலியா. மத்தியானத்துல மட்டும் பவர் கொஞ்சம் எறங்குற மாரி இருக்கு."

"சில்லர எத்தினில வெச்சிருக்க?"

"முப்பதுல. சர்வீஸ்காரன் வெச்சிட்டுப் போனான். 'தொடாதீங்க பாய்'ன்னான்."

வாயில் கேக்கோடு சிரித்தேன். "முப்பதா? டயோடுக்கு ஜுரம் வந்துடும்டா. இருபதுல வை. பவரும் ஜாஸ்தி வரும், ஆயுசும் ஜாஸ்தி."

"தொடாதன்னானே?"

"அவன் எத்தினி வருஷமா இந்த வேல பாக்குறான்?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

"நான் இருபது வருஷம்."

ரஃபீக் உடனே பணிந்தான். மூன்று நாள் கழித்து மறுபடி கூப்பிட்டான். குரலில் ஒரு தயக்கம்.

"பவரு நல்லாதான் இருக்கு கலியா. ஆனா பைப்பெல்லாம் வேர்க்குதுடா. நஸ்ரீன் சாப்பாடு குடுக்க வந்தவ சொல்றா, சோடா பாட்டிலு மாரி தண்ணி வழியுதே, இது சரியாங்கிறா."

"வேர்க்கட்டும். நல்லா குளுருதுன்னு அர்த்தம்."

"மஞ்ச லைட்டு ஒண்ணு வேற எரியுது."

"கம்பெனிக்காரன் வெச்சத மாத்துனா எரியத்தான் எரியும். கண்டுக்காத."

அதன் பின் பதினோரு நாள் அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

3

தினமும் எதையாவது அனுப்புகிறவன் ரஃபீக். வெள்ளாற்றில் வந்த படகு, வெல்டிங் கோடு, யாரோ ஒருவருடைய மருமகனின் பல் வலிக்கு வைத்தியம். அவை வரும்போது எரிச்சலாக இருக்கும். நின்ற பிறகுதான், நாள் முழுக்க என் போன் ஒலிப்பது அவனால் மட்டும்தான் என்று தெரிந்தது. பேட்டரி இரண்டு நாள் தாங்கியது.

பன்னிரண்டாம் நாள் நானே கூப்பிட்டேன்.

"மெஷின் போச்சு ஜெர்மனி" என்றான்.

அவன் என்னைக் கலியா என்று கூப்பிடாமல் இருந்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

"போச்சுன்னா?"

"சர்வீஸ்காரன் வந்து பெட்டியக் கழட்டி கோயமுத்தூருக்கு எடுத்துட்டுப் போய்ட்டான். ரெண்டு மாசம் ஆவுமாம். உள்ள தண்ணி பட்டு டயோடு எரிஞ்சிருக்காம்."

"தண்ணியா? ஓஸ் பைப்பு லீக்கு ஆயிருக்கும். மட்டமான கிளிப்பு போட்டிருப்பான்."

"இருக்கும்."

"இல்லன்னா தண்ணி போற தகட்டுல ஓட்ட. நான் அவன் கம்பெனிக்கு ஒரு மெயில் போடட்டா?"

"வேணாம்டா. வுடு. சாப்ட்டியா?"

அந்த வாரம் முழுக்கக் காகிதத்தில் படம் போட்டேன். ஓஸ் எங்கே கிழியும், வாஷர் எங்கே நழுவும். பரங்கிப்பேட்டையில் ஒரு பெட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போயிருக்கும் என்று மூன்று காரணங்கள் கண்டுபிடித்து, மூன்றிலும் குற்றவாளி வேறொருவர் என்பதில் திருப்தி அடைந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை யாழினி கூப்பிட்டாள். அவளுடைய தமிழ் நிதானமானது. சொல்லைத் தேடிக் கண்டுபிடித்து, தூசி தட்டி, அப்புறம்தான் வைப்பாள். பேச வேறு விஷயம் இல்லாததால் மெஷின் கதையைச் சொன்னேன். குழாய் வேர்த்ததையும் சொன்னேன், வேடிக்கைக்காக.

"அப்பா, அந்த ஊர்ல என் கண்ணாடி வெள்ளையா ஆச்சே" என்றாள்.

"எந்தக் கண்ணாடி?"

"நான் போடுற கண்ணாடி. எனக்கு எட்டு வயசு. கார்ல ஏசி. இறங்கின உடனே ஒண்ணுமே தெரியல. நீ துடைச்சே. மறுபடி வெள்ளை ஆச்சு. நான் அழுதேன். ரஃபீக் மாமா சிரிச்சார்." அப்புறம், "அந்தத் தண்ணிதானே இது?" என்றாள்.

படம் போட்டிருந்த காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

"அப்பா? லைன்ல இருக்கியா?"

காற்றில் ஈரம் இருக்கிறது. ஒரு பொருள் போதிய அளவு குளிர்ந்தால் அந்த ஈரம் அதன் மேல் தண்ணீராகப் படியும். எந்தச் சூட்டுக்குக் கீழே படியும் என்பதைப் பனிநிலை என்கிறோம். லேசருக்குள் ஒரு துளி படிந்தால் போதும், ஆள் அவுட். எனக்குத் தெரியாத விஷயமில்லை. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு இதை நான்தான் வகுப்பு எடுக்கிறேன், படத்தோடு. எங்கள் ஆய்வகத்தில் காற்றை உலர்த்த ஒரு கட்டடமே இயங்குகிறது, அங்கே இருபது சரியான எண். பரங்கிப்பேட்டைக் கடற்கரையில் பனிநிலை இருபத்தேழு, இருபத்தெட்டு. அங்கே இருபதில் தண்ணீரை ஓட்டுவது, லேசரை வாளியில் முக்கி எடுப்பதற்குச் சமம்.

சர்வீஸ்காரருக்குத் தெரிந்திருந்தது. மெஷினின் மஞ்சள் விளக்குக்குத் தெரிந்திருந்தது. சாப்பாடு கொடுக்க வந்த நஸ்ரீன் வாய்விட்டே சொல்லியிருந்தாள். இரண்டே தடவை அந்த ஊருக்குப் போன என் மகளுக்கு நினைவிருந்தது. அந்தக் காற்றிலேயே பிறந்து, பள்ளிக்கூடம் போகும் வழியில் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ள வளர்ந்தவனுக்கு மட்டும், எண்ணைச் சொன்னபோது மண்டைக்குள் இருந்தது வேறு ஊர்க் காற்று.

அன்று யாழினி நாற்பது நிமிடம் லைனில் இருந்தாள். பதினொன்றேகால் தாண்டியது, நானும் வைக்கவில்லை. அவளும் வைக்கவில்லை.

4

இதைப் போனில் சொல்வது மரியாதை இல்லை என்று தோன்றியது. லீவு போட்டேன். வெறுங்கையோடு போக வேண்டாமே என்று, கம்பெனி கழித்துப் போட்ட டயோடு ஒன்றை எடுத்துப்போக அனுமதி கேட்டேன். ஒரு படிவம் கொடுத்தார்கள். கடைசியாகப் பயன்படுத்தப்போகிறவர் யார்? ரஃபீக். பயன்பாடு சிவிலியனா ராணுவமா? முந்திரிப் பருப்பு உலர்த்த. அந்த அதிகாரி என் படிவத்தை இரண்டு முறை படித்துவிட்டு, "ஹெர் முனுசாமி, முந்திரிக்கு எதற்கு லேசர்?" என்று கேட்டார். விளக்கினேன். விளக்க விளக்க அவர் முகத்தில் சந்தேகம் கூடிக்கொண்டே போனது. அனுமதி கிடைக்கவில்லை.

கடைசியில் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த ஈரமானியைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். உள்ளங்கை அளவு, வெப்பம் ஒரு முள், ஈரம் ஒரு முள். இங்கே வாடகை வீட்டில் பூஞ்சை பிடித்தால் குடியிருப்பவன் குற்றம். அதனால் வீட்டுக்காரம்மா தானே வந்து ஆணி அடித்து மாட்டிவிட்டுப் போனது. முள் அறுபதைத் தாண்டினால் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பது கட்டளை. பதினான்கு வருடமாகத் தினமும் காலையில் அதைப் பார்த்து வந்திருக்கிறேன். இந்த வீட்டுச் சுவருக்கு வேர்க்கக் கூடாது என்பதில் அவ்வளவு கவனம்.

சிதம்பரத்தில் ஒரு லாட்ஜில் இறங்கினேன். குப்பத்து வீடு கைமாறி நாளாகிவிட்டது, ரஃபீக் வீட்டில் தங்கும் தைரியம் வரவில்லை. மேனேஜர் பெரிய நோட்டைத் திருப்பிவைத்தார். எங்கிருந்து வருகை, எங்கே செல்கிறீர், சொந்த ஊர்.

"சொந்த ஊரு இங்கதான், பரங்கிப்பேட்ட பக்கம்" என்றேன்.

மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "இங்கியே ஊர வெச்சிகினு ஏன் சார் ரூம் போடுறீங்க?"

நியாயமான கேள்வி. நோட்டில் அதற்குக் கட்டம் இல்லாததால் தப்பித்தேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் கண்டக்டர் மிச்சச் சில்லறை கொடுத்தபோது நன்றி என்றேன். அதிகம் கொடுத்துவிட்டோமோ என்று அவர் என் கையிலிருந்த சில்லறையை ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுப் போனார்.

ரஃபீக்கின் பட்டறை, கடைத்தெருவைத் தாண்டி ஒரு தகரக் கொட்டகை. ஒரு மூலையில் லேசர் மெஷினின் வெற்றுக் கூடு. நடுவில் பழைய ஆர்கான் வெல்டிங் செட். முகமூடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தான்.

"வா ஜெர்மனி. சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிற?"

உட்காரக்கூட இல்லை. விமானத்தில் மூன்று விதமாக எழுதித் திருத்திய வாக்கியங்கள் இருந்தன. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, "நான்தான்டா கெடுத்தேன்" என்றேன். "ஓஸ் இல்ல, கிளிப்பு இல்ல. இருபதுல வெக்கச் சொன்னேன் பாரு, அதான். காத்துல இருக்குற தண்ணி உள்ள எறங்கிடுச்சு."

ரஃபீக் கையுறையைக் கழற்றினான். "தெரியும்."

"தெரியுமா?"

"சர்வீஸ்காரன் மொத நாளே சொல்லிட்டான். பெட்டியத் தொறந்த ஒடனே, 'யாரு பாய் இருபதுல வெச்சது'ன்னான்."

"நீ என்ன சொன்ன?"

"நான்தான்னேன். பின்ன என்னா சொல்லச் சொல்ற? எங்க ஆளு ஒருத்தரு ஜெர்மனில இருக்காரு, லேசருக்கே டாக்டரு, அவருதான் சொன்னாருன்னா? ஊரே சிரிக்கும்டா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல? போன்ல நான் ஓஸு, வாஷருன்னு கத விட்டுகினு இருந்தேனே."

"நீயே தனியா கெடக்குற. அதோட இதையும் சொமக்கணுமா?" என்றான். சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாது என்பதுபோல முகமூடியைத் துடைக்க ஆரம்பித்தான்.

5

தட்டுகள் பாக்கியிருந்தன. இருநூறில் அறுபத்து மூன்று முடிந்தபோது லேசர் போயிருந்தது. மீதியைப் பழைய ஆர்கானிலேயே முடித்துவிடுவது என்று இறங்கியிருந்தான். ஆனால் ஆர்கானில் சூடு பரவும். மெல்லிய தகடு அப்பளம் மாதிரி நெளிந்துகொள்ளும். நெளிந்த தட்டை முந்திரிக்காரர் வாங்க மாட்டார். லேசர் வாங்கியதே அதற்காகத்தான்.

கடைசியில் என் துறைக்குள் ஒரு விஷயம் வந்துவிட்டது என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது. "ரஃபீக், தகட்டுக்குப் பின்னாடி ஒரு செம்புப் பட்டைய வெச்சி இறுக்கிட்டன்னா, சூட்ட அது இழுத்துக்கும்" என்றேன். செம்பின் குணத்தைப் பற்றி ஐந்து நிமிடம் பேசினேன்.

ரஃபீக் பொறுமையாகக் கேட்டுவிட்டு, குனிந்து மேஜையின் அடியிலிருந்து ஒரு செம்புப் பட்டையை எடுத்துப் போட்டான். ஓரமெல்லாம் தேய்ந்து பளபளவென்று இருந்தது.

"தமாம்ல இருபது வருஷமா இதத்தான் வெச்சி ஒட்டுறோம். புடிச்சிக்கிறியா? கை வலிச்சா சொல்லு."

எட்டு நாள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் ஓர் அங்குலம் ஒட்டுவான், நிறுத்துவான், நான் ஈரத்துணியை வைத்து ஒற்றுவேன், அவன் அடுத்த அங்குலத்துக்குப் போவான். மதியம் நஸ்ரீன் சோறும் மீன் ஆணமும் எடுத்து வருவாள். என் தப்பைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு நாள் மட்டும், சொம்பில் குளிர்ந்த தண்ணீர் வைத்துவிட்டு, அதன் வெளிப்புறம் முத்து முத்தாக வேர்ப்பதைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். "குடிங்க அண்ணே" என்றாள்.

சாயந்திரம் டீக்கடையில் என்னிடம் "எப்ப ஃப்ளைட்டு?" என்றார்கள். எனக்கு அது பழக்கம். ஆனால் ரஃபீக்கிடமும் மறுபடி கேட்க ஆரம்பித்திருந்தார்கள். மெஷின் கோயம்புத்தூர் போன செய்தி ஊருக்குத் தெரியும். கேட்டவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. ரஃபீக் டீயை ஊதிக்கொண்டிருப்பான். "இனிமே ஃப்ளைட்டு இல்ல" என்று அந்த எட்டு நாளில் அவன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் டெம்போவில் தட்டுகளை ஏற்றிக்கொண்டு காடாம்புலியூர் போனோம். முந்திரிக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். ஒவ்வொரு தட்டாக எடுத்துச் சிமெண்டுத் தரையில் வைத்து, நான்கு மூலையிலும் விரலால் அழுத்துவார். ஆடினால் இடப்பக்கம், ஆடாவிட்டால் வலப்பக்கம். ரஃபீக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். இருநூறு தட்டு, எண்ணூறு மூலை. இடப்பக்கம் நான்கு தட்டு போயிற்று.

"அது நாலையும் தட்டி நேராக்கிக் குடுத்துடு பாய்" என்றார் கடைசியில். "அண்ணாகிராமத்துல எம் மச்சான் ஒருத்தன் கேட்டுகினு இருந்தான். அவங்கிட்டயும் சொல்லுறேன். நீ இங்கதான இருப்ப?"

"இங்கதான் இருப்பேன்" என்றான் ரஃபீக்.

திரும்பும்போது டெம்போவின் பின்னால் காலியிடத்தில் உட்கார்ந்து வந்தோம். சாலையின் இருபுறமும் முந்திரித் தோப்பு. அவன் ஏதோ பாட்டை முணுமுணுத்தான். கேட்பதற்கு அதுதான் நேரம் என்று தோன்றியது. நாளைக்கு எனக்கு ஃப்ளைட்.

"போர்டு எப்ப மாட்டப் போற?"

"அடுத்த வாரம். எழுதக் குடுத்தாச்சு."

"என்ன பேரு?"

ரஃபீக் தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். "நஸ்ரீன் இன்ஜினியரிங் ஒர்க்ஸ்."

"நல்ல பேரு" என்றேன். உண்மையாகவே நல்ல பேர்.

கொஞ்ச தூரம் போனதும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். வண்டி குலுங்கியதால் பிடித்தான் என்று வைத்துக்கொண்டேன். பரங்கிப்பேட்டை வரும்வரை விடவில்லை.

கிளம்பும் முன் பட்டறைச் சுவரில் ஈரமானியை மாட்டினேன். முள் எண்பத்தாறில் போய் நின்றது. என் வீட்டுக்காரம்மா பார்த்திருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருக்கும்.

6

திரும்பி வந்ததும் அந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதித் தேதி வாங்கினேன். அதில் சோகமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டார்கள், எழுதினேன். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. வீட்டுக்காரம்மா வந்து, ஈரம் எவ்வளவு என்று இனி யார் பார்ப்பது என்று கேட்டது. புதிதாக ஒன்று வாங்குகிறேன் என்றேன். இன்னும் வாங்கவில்லை.

ஒரு காலை ரஃபீக்கிடமிருந்து படம் வந்தது. கோயம்புத்தூரிலிருந்து பெட்டி வந்துவிட்டது, மெஷின் ஓடுகிறது. சில்லரின் நெற்றியில் ஓர் அட்டை ஒட்டியிருந்தது. சிவப்பு மார்க்கரில், அவனுடைய பத்தாம் வகுப்புக் கையெழுத்தில்:

முப்பதுக்குக் கீழே இறக்காதே. ஜெர்மனி சொன்னாலும்.

ரொம்ப நேரம் சிரித்தேன். பிறகு படத்தைப் பெரிதாக்கி மறுபடி படித்தேன். எங்கள் ஊரில் என்னைப் பற்றி எழுதி ஒட்டியிருக்கும் ஒரே இடம் அது. அதிலும் என் பெயர் இல்லை.

மறுநாள் காலை ஒரு செய்தி வந்தது. வணக்கம், சலாம் ஒன்றும் இல்லை. "31, 84" என்று இரண்டு எண். ஈரமானியின் இரண்டு முள். கணக்குப் போட்டேன். பனிநிலை இருபத்தெட்டு. "30" என்று பதில் அனுப்பினேன். அதற்கு மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். எண்தான் அட்டையிலேயே இருக்கிறதே, என்னைக் கேட்க வேண்டியதில்லை. அவனுக்கும் தெரியும். ஆனாலும் பட்டறையைத் திறந்ததும் அனுப்புகிறான், இங்கே நான் பல் தேய்க்கிற நேரம். தினமும் உட்கார்ந்து ஒழுங்காகக் கணக்குப் போட்டுத்தான் பதில் சொல்கிறேன். ஊரில் எனக்கு இருக்கும் ஒரே வேலையை அலட்சியமாகச் செய்ய மனம் வரவில்லை.

குடியுரிமை வாங்கப் போன அன்று மட்டும் செய்தி தாமதம். அன்று பட்டறையை பத்து மணிக்குத் திறக்காமல் மதியம்தான் திறந்தானாம், அண்ணாகிராமம் போய் அளவெடுத்து வந்திருக்கிறான். நான் அலுவலகத்தின் நீண்ட நடைக்கூடத்தில், கையில் டோக்கனோடு, எல்லோரையும்போல் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தபோது போன் அதிர்ந்தது. "33, 70." மனக்கணக்காகவே போட்டேன். ஏறக்குறைய இருபத்தேழு. "30" என்று அனுப்பினேன்.

கதவு திறந்தது. ஓர் அம்மாள் காகிதத்தைப் பார்த்து, "ஹெர் முனுசாமி!" என்று கூப்பிட்டார்.

அதே நொடியில் போன் மறுபடி அதிர்ந்தது. "வெச்சிட்டேன் கலியா."

எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் இரண்டாம் முறை கூப்பிட்டார். நடைக்கூடத்தில் மற்றவர்கள் அந்த முனுசாமி யார் என்று திரும்பிப் பார்த்தார்கள். கூப்பிடுவது அப்பாவைத்தானே, அவரே போய் வரட்டும் என்று அனுப்பிவைத்தேன்.

உள்ளே மேஜையில் சின்னதாக ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அடையாள அட்டைக்குக் கையெழுத்து மட்டும் போதாதாம், விரலை அழுத்தி வைக்க வேண்டுமாம். அப்பாவுக்கு அதில் சிரமம் ஒன்றும் இருக்கவில்லை.